வேலை நின்றது, வீட்டில் என்ன நடந்தது?

கொரோனா கால "லே-ஆப்" பற்றிய ஓர் ஆராய்ச்சி

ஞாயிற்றுக்கிழமை என்றால் எல்லோருக்கும் பிடிக்கும். காலையில் சற்றுத் தாமதமாக எழுந்திருக்கலாம். பிள்ளைகளோடு சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடலாம். மத்தியானம் ஒரு குட்டித் தூக்கம் போடலாம்.

ஆனால், வாரத்தில் ஏழு நாளும் ஞாயிற்றுக்கிழமையாக இருந்தால்?

அதுவும், சம்பளம் வராத ஞாயிற்றுக்கிழமையாக இருந்தால்?

2020-ம் ஆண்டில் உலகம் அப்படிப்பட்ட நாட்களைப் பார்த்தது. ஆலை மூடியது. கடை மூடியது. பஸ் நின்றது. ரெயில் நின்றது. "வீட்டிலேயே இருங்கள்" என்று பல நாட்டு சர்க்கார்களும் சொல்லின.

வீட்டில் இருப்பது எளிது. வீட்டை நடத்துவது எப்படி? இதுதான் கேள்வி. இந்தக் கேள்விக்கு ஒவ்வொரு நாடும் ஒவ்வொரு விதமாகப் பதில் சொல்லியது. அந்தப் பதில்களை ஒப்பிட்டுப் பார்த்தால் நமக்குப் பல பாடங்கள் கிடைக்கும். மறுபடியும் ஒரு தொற்று நோய் வரலாம். வெள்ளம் வரலாம். நூல் கிடைக்காமல் ஆலை நிற்கலாம். அப்போது அந்தப் பாடங்கள் உதவும்.

இரவோடு இரவாக

2020-ம் ஆண்டு மார்ச் 11-ந் தேதி, கொரோனாவை "உலகம் தழுவிய கொள்ளை நோய்" என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது.

மார்ச் 22-ந் தேதி ஞாயிற்றுக்கிழமை, இந்தியாவில் ஒரு நாள் "மக்கள் ஊரடங்கு" நடந்தது. மார்ச் 24-ந் தேதி மாலை 6 மணிக்கு, தமிழ்நாட்டில் 144 தடை உத்தரவு அமுலுக்கு வந்தது. அன்று இரவு 8 மணிக்குப் பிரதமர் மோடி டெலிவிஷனில் பேசினார். நள்ளிரவு முதல் 21 நாட்களுக்கு நாடு முழுவதும் ஊரடங்கு என்றார்.

8 மணிக்கு அறிவிப்பு. 12 மணிக்கு அமுல். இடையில் 4 மணி நேரம்தான்!

21 நாட்களோடு முடியவில்லை. மே 3 வரை நீண்டது. பிறகு மே 17. பிறகு மே 31. அதற்குப் பிறகு தளர்வுகள் கூடின.

"இந்தியப் பொருளாதாரக் கண்காணிப்பு மையம்" என்ற தனியார் நிறுவனம் மாதந்தோறும் வீடு வீடாக விசாரித்துக் கணக்கு எடுக்கிறது. அதன் மதிப்பீட்டின்படி, 2020 ஏப்ரல் மாதத்தில் மட்டும் சுமார் 12 கோடி பேர் வேலை இழந்தார்கள். வேலை தேடும் 100 பேரில் 23 பேருக்கு வேலை இல்லை.

உலகம் முழுவதும் எப்படி? சர்வதேசத் தொழிலாளர் நிறுவனம் கணக்குப் போட்டது. 2020-ம் ஆண்டில் உலகில் வீணான வேலை நேரம், 25½ கோடிப் பேர் ஓர் ஆண்டு முழுவதும் செய்யும் வேலைக்குச் சமம் என்று அது சொல்லிற்று.

"லே-ஆப்" என்றால் என்ன?

மில் தொழிலாளிகளுக்கு இந்த வார்த்தை புதிது அல்ல. "இன்று லே-ஆப்" என்று சொன்னால், "இன்று வேலை இல்லை, வீட்டுக்குப் போ" என்று பொருள்.

வேலை நீக்கம் வேறு, லே-ஆப் வேறு. வேலையை விட்டு நீக்கினால் பெயரை அடித்துவிடுவார்கள். லே-ஆப் என்றால் பெயர் பதிவேட்டில் இருக்கும். வேலை மட்டும் தற்காலிகமாக இராது.

நிலக்கரி இல்லை, மின்சாரம் இல்லை, பஞ்சு இல்லை, எந்திரம் பழுது என்றால் முதலாளி லே-ஆப் கொடுப்பார். அப்போது தொழிலாளி பட்டினி கிடக்கலாமா? கூடாது என்பதற்காக, 1947-ம் ஆண்டுத் தொழில் தகராறுச் சட்டத்தில் 1953-ம் ஆண்டு ஒரு திருத்தம் செய்தார்கள். அடிப்படைச் சம்பளம், பஞ்சப்படி இரண்டையும் கூட்டி, அதில் பாதியை லே-ஆப் நாட்களுக்குக் கொடுக்க வேண்டும் என்று விதி வந்தது. 2020-ல் ஊரடங்கு வந்தபோது அந்தச் சட்டம்தான் நடைமுறையில் இருந்தது.

நல்ல சட்டம்தான். ஆனால் யாருக்கு?

50 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் பாக்டரிக்கு, சுரங்கத்துக்கு, தோட்டத்துக்கு மட்டும். அங்கும் ஓர் ஆண்டு தொடர்ந்து வேலை பார்த்திருக்க வேண்டும். ஓட்டலில் மாவாட்டுகிறவருக்கு இல்லை. ஜவுளிக் கடையில் துணி எடுத்துப் போடுகிற பெண்ணுக்கு இல்லை. கொத்தனாருக்கு இல்லை, சித்தாளுக்கும் இல்லை.

இன்னொரு விசித்திரமும் அந்தச் சட்டத்தில் இருந்தது. லே-ஆப் பணம் வேண்டுமானால், தொழிலாளி தினம் ஒரு முறையாவது வேலை நேரத்தில் ஆலைக்கு வந்து, "வந்திருக்கிறேன்" என்று காட்ட வேண்டும்!

ஊரடங்கில் வாசலைத் தாண்டினாலே போலீஸ் பிடிக்கிறது. ஆலைக்கு எப்படி வருவது? ஆலையே மூடிக் கிடக்கும்போது யாரிடம் முகத்தைக் காட்டுவது? தொழிலாளி ஆலைக்குப் பக்கத்தில் குடியிருந்து, சங்கு ஊதியதும் நடந்து வந்த காலத்தில் எழுதிய சட்டம் அது. கொள்ளை நோய்க் காலத்தை அது நினைத்துப் பார்க்கவில்லை.

இங்கிலாந்து என்ன செய்தது?

இங்கிலாந்தில் 2020 மார்ச் 20-ந் தேதி, அப்போது நிதி மந்திரியாக இருந்த ரிஷி சுனக் ஓர் அறிவிப்பு வெளியிட்டார். "தொழிலாளியை வேலையை விட்டு நீக்காதீர்கள். வீட்டில் இருக்கச் சொல்லுங்கள். அவர் சம்பளத்தில் 100-க்கு 80-ஐ சர்க்கார் தருகிறது" என்பது அதன் சாரம். மாதம் 2,500 பவுன் வரை உச்ச வரம்பு.

மாதம் 2,000 பவுன் சம்பளம் வாங்கியவர் வீட்டில் இருந்தபடியே 1,600 பவுன் பெற்றார். இந்தத் திட்டம் 2021 செப்டம்பர் 30-ந் தேதி வரை நடந்தது. மொத்தம் 1 கோடியே 17 லட்சம் வேலைகளுக்கு இப்படிப் பணம் கொடுத்தார்கள். செலவு சுமார் 7,000 கோடி பவுன்.

குறை இல்லாமல் இல்லை. ஆளை வேலை வாங்கிக்கொண்டே, "வீட்டில் இருக்கிறார்" என்று பொய் சொல்லிப் பணம் வாங்கிய முதலாளிகளும் உண்டு. புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் சிலர் திட்டத்தில் சேராமல் விடுபட்டும் போனார்கள்.

ஜெர்மனியும் அமெரிக்காவும்

ஜெர்மனியில் இது பழைய பழக்கம். அங்கே இதற்குக் "குறைந்த நேர வேலை" என்று பெயர். வேலை குறைந்தால் ஆளைக் குறைக்க மாட்டார்கள், நேரத்தைக் குறைப்பார்கள். இழந்த சம்பளத்தில் 100-க்கு 60 பங்கைச் சர்க்கார் கொடுக்கும். பிள்ளை உள்ளவருக்கு 67 பங்கு. 2020-ல் மாதங்கள் செல்லச் செல்ல இந்தப் பங்கையும் உயர்த்தினார்கள். ஏப்ரல் மாதத்தில் சுமார் 60 லட்சம் பேர் இப்படி வாழ்ந்தார்கள்.

அமெரிக்கா வேறு வழியில் போயிற்று. முதலாளி ஆளை நிறுத்திவிடுவார். நின்றவர் சர்க்காரிடம் வேலையில்லாதோர் உதவித் தொகைக்கு மனுப் போட வேண்டும். வழக்கமான தொகையோடு, 2020 ஜூலை வரை வாரம் 600 டாலர் கூடுதலாகக் கொடுத்தார்கள். பணம் தாராளம்தான். ஆனால் கோடிக்கணக்கான மனுக்கள் ஒரே நேரத்தில் குவிந்தன. பல மாநிலங்களில் மனு வாங்கும் கம்ப்யூட்டர்களே திணறின. பணத்துக்காகப் பலர் வாரக்கணக்கில் காத்திருந்தார்கள்.

இந்த இரண்டு வழிகளின் விளைவைப் பாருங்கள். 2020 பிப்ரவரியில் அமெரிக்காவில் 100-க்கு 3½ பேர்தான் வேலை இல்லாமல் இருந்தார்கள். ஏப்ரலில் அது 14-க்கு மேல் போய்விட்டது. ஜெர்மனியிலோ, 2019-ல் 5 ஆக இருந்தது 2020-ல் 6-ஐக்கூடத் தொடவில்லை.

நோய் ஒன்றுதான். ஜெர்மன் தொழிலாளி வீட்டில் உட்கார்ந்திருந்தபோதும், "நான் இன்ன ஆலையின் ஆள்" என்று சொல்ல முடிந்தது. அந்தக் கயிறு அறுபடவில்லை. ஆலை திறந்ததும் அவர் நேராகப் பழைய இடத்துக்குப் போனார்.

இங்கே நடந்தது என்ன?

2020 மார்ச் 29-ந் தேதி மத்திய உள்துறை ஓர் உத்தரவு போட்டது. "ஊரடங்கு நாட்களுக்குச் சம்பளத்தைப் பிடிக்காமல் கொடுக்க வேண்டும். தொழிலாளியிடம் ஒரு மாத வாடகை கேட்கக் கூடாது" என்று அது கூறியது.

உத்தரவு கேட்கக் காதுக்கு இனிமையாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். இங்கிலாந்தில், "நான் கொடுக்கிறேன்" என்றது சர்க்கார். இங்கே, "நீ கொடு" என்று முதலாளியிடம் சொன்னது சர்க்கார்.

பெரிய கம்பெனிகள் சமாளித்தன. பத்து தறி, இருபது தையல் எந்திரம் வைத்திருப்பவர் என்ன செய்வார்? அவருக்கே வருமானம் இல்லை. பலர் கோர்ட்டுக்குப் போனார்கள். மே 18-ந் தேதியிலிருந்து அந்த உத்தரவு விலக்கிக்கொள்ளப்பட்டது. ஜூன் 12-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு, "முதலாளிகள் மீது கடும் நடவடிக்கை வேண்டாம். இரு தரப்பும் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்" என்று கூறியது. சம்பளம் வாங்காமல் இரண்டு மாதம் கழித்த தொழிலாளி, எந்த பலத்தில் பேரம் பேசுவார்?

சர்க்கார் ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல முடியாது. ரேஷன் அட்டைக்காரர்களுக்கு ஆளுக்கு மாதம் 5 கிலோ தானியம் இலவசமாகக் கிடைத்தது. ஜன்தன் கணக்கு வைத்திருந்த பெண்களுக்கு மூன்று மாதம், மாதம் ரூ.500 வந்தது. தமிழ்நாட்டில் அரிசி அட்டைக்கு ரூ.1,000-மும், அரிசி, பருப்பு, சர்க்கரை, எண்ணெயும் கொடுத்தார்கள். 2021-ல் இரண்டாவது அலை வந்தபோது, அரிசி அட்டைக்கு இரண்டு தவணையாக ரூ.4,000-மும் 14 வகை மளிகைச் சாமான்களும் கிடைத்தன. கிராமங்களில் நூறு நாள் வேலை கை கொடுத்தது. 2020-21-ல் அந்தத் திட்டத்தில் நாடு முழுவதும் 389 கோடி மனித நாட்கள் வேலை நடந்தது. 

அடுப்பு எரிந்தது. அதற்குக் காரணம் ரேஷன் கடை என்பதில் சந்தேகம் இல்லை.

ஆனால் ரேஷன் அட்டை ஓர் ஊரில். ஆள் வேறு ஊரில் என்று இருந்தவர்கள் தவித்தார்கள். பீகார், ஒடிசா, ஜார்க்கண்டு மாநிலங்களிலிருந்து பிழைக்க வந்தவர்கள், மூட்டை முடிச்சோடு நெடுஞ்சாலையில் நடந்த காட்சியை நாடே பார்த்தது. மே 1-ந் தேதியிலிருந்துதான் அவர்களுக்காகத் தனி ரெயில்கள் ஓடின. சுமார் 63 லட்சம் பேர் அவற்றில் ஊர் திரும்பினார்கள். "வீட்டில் இரு" என்ற உத்தரவுக்கு, முதலில் ஒரு வீடு வேண்டும் அல்லவா?

ஆஸ்திரியாவில் ஒரு கிராமம்

பணத்தை விடுவோம். நேரத்துக்கு வருவோம்.

"வேலை இல்லாவிட்டால் என்ன? கையில் நிறைய நேரம் இருக்கிறதே! படிக்கலாம், பாடலாம், தோட்டம் போடலாம்" என்று சிலர் சொல்லுவார்கள். இது உண்மையா?

ஆஸ்திரியா நாட்டின் தலைநகர் வியன்னா. அதற்குப் பக்கத்தில் மாரியந்தால் என்று ஒரு கிராமம். ஊரே ஒரு நெசவு ஆலையை நம்பி வாழ்ந்தது. 1929-30-ல் உலகப் பொருளாதார மந்தம் வந்தது. ஆலையை மூடிவிட்டார்கள். மொத்தம் 478 குடும்பங்கள். அவற்றில் நான்கில் மூன்று பங்குக் குடும்பங்களில் ஒருவருக்குக்கூட வேலை இல்லை.

மாரி யகோடா, பால் லாசர்ஸ்பெல்டு, ஹான்ஸ் சைசல் என்ற மூன்று ஆராய்ச்சியாளர்களும் அவர்களுடைய தோழர்களும் அங்கே போனார்கள். மக்களோடு பழகினார்கள். யார் என்ன சாப்பிடுகிறார், எத்தனை மணிக்கு என்ன செய்கிறார் என்று குறித்தார்கள். 1933-ல் அது புத்தகமாக வந்தது.

அவர்கள் என்ன கண்டார்கள்?

ஊரில் ஒரு நூல் நிலையம் இருந்தது. வேலை போனபின் கூட்டம் அதிகமாகி இருக்கும் என்றுதானே நினைப்போம்? இல்லை! புத்தகம் எடுத்துப் போவது ஏறக்குறையப் பாதியாகக் குறைந்துவிட்டது. நேரம் கூடியது, படிப்புக் குறைந்தது.

ஆண்கள் தெருவில் மெல்ல நடந்தார்கள். நாலு அடி நடப்பது, நிற்பது. மறுபடி நடப்பது, நிற்பது. அவசரமாகப் போக எந்த இடமும் இல்லை. பலர் கடிகாரம் வைத்துக்கொள்வதையே விட்டுவிட்டார்கள். "காலையிலிருந்து என்ன செய்தீர்கள்?" என்று கேட்டால், அவர்களால் நினைவுபடுத்திச் சொல்லக்கூட முடியவில்லை.

பள்ளிக்கூடப் பிள்ளைகளிடம், "கிறிஸ்துமசுக்கு என்ன வேண்டும்?" என்று எழுதச் சொன்னார்கள். மற்ற ஊர்ப் பிள்ளைகள் ஆசைப்பட்ட பொருள்களின் விலையில் மூன்றில் ஒரு பங்குதான், மாரியந்தால் பிள்ளைகள் ஆசைப்பட்டவற்றின் விலை. ஆசைப்படுவதற்குக்கூட அந்தக் குழந்தைகள் கணக்குப் பார்த்தார்கள்!

இதிலிருந்து தெரிவது என்ன? வேலை நமக்குக் கூலியோடு வேறு சிலவற்றையும் தருகிறது. "7 மணிக்குக் கிளம்ப வேண்டும்" என்ற ஒழுங்கைத் தருகிறது. நாலு பேரோடு பழகும் வாய்ப்பைத் தருகிறது. "நான் இன்னார்" என்ற மதிப்பைத் தருகிறது. கூலி வருகிற ஓய்வில் மனிதன் இளைப்பாறுகிறான். கூலி வராத ஓய்வு மனிதனைத் தின்கிறது.

கொரோனாக் காலத்திலும் இதைப் பார்த்தோம். சம்பளம் தவறாமல் வந்த வீடுகளில் கேக் செய்தார்கள். பல்லாங்குழியையும் தாயத்தையும் பரணிலிருந்து இறக்கினார்கள். தூர்தர்ஷனில் மார்ச் 28-ந் தேதி முதல் மறுபடியும் வந்த ராமாயணத்தைக் குடும்பத்தோடு பார்த்தார்கள். சம்பளம் நின்ற வீட்டிலும் அதே டெலிவிஷன்தான் ஓடியது. ஆனால் பார்த்தவர் மனம் வாடகையை எண்ணிக்கொண்டிருந்தது.

அவளுக்கு எப்போது விடுமுறை?

மாரியந்தாலில் இன்னொன்றும் கண்டார்கள். ஆண்கள் தெருவில் நின்று நின்று நடந்தார்கள் அல்லவா? பெண்கள் மட்டும் விறுவிறு என்று நடந்தார்கள்! காரணம், அவர்களுக்கு நேரம் இல்லை. ஆலை மூடினாலும் அடுப்பு மூடவில்லை. கிழிந்த துணியைத் தைக்க வேண்டும். குறைந்த காசில் நிறைந்த சாப்பாடு போட வேண்டும். வேலை இரட்டிப்பு ஆயிற்று.

நம் நாட்டிலும் அதே கதைதான். மத்திய சர்க்காரின் புள்ளிவிவரத் துறை 2019-ல் ஒரு கணக்கு எடுத்தது. வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் நாள் ஒன்றுக்கு 299 நிமிடம், அதாவது ஏறத்தாழ 5 மணி நேரம் அதில் செலவிடுகிறாள். வீட்டு வேலை செய்கிற ஆண் 97 நிமிடம் செலவிடுகிறார்.

2020-ல் ஆண்கள் வீட்டிலேயே இருந்தார்கள். மாறியதா?

சிறிது மாறியது. அசோகா பல்கலைக்கழகப் பொருளாதாரப் பேராசிரியை அசுவினி தேஷ்பாண்டே இதை ஆராய்ந்திருக்கிறார். ஏப்ரல் மாதத்தில் ஆண்கள் செய்த வீட்டு வேலை கூடியது. பாத்திரம் தேய்த்தார்கள், காய் நறுக்கினார்கள். ஆகஸ்டுக்குள் அது மறுபடியும் குறைந்துவிட்டது.

2024-ல் சர்க்கார் மறுபடியும் கணக்கு எடுத்தது. பெண்கள் 289 நிமிடம். ஆண்கள் 88 நிமிடம். ஊரடங்கு போயிற்று, ஆண்கள் கையிலிருந்து துடைப்பமும் போயிற்று!

வேறொரு வேதனையும் உண்டு. வேலையும் இல்லை, காசும் இல்லை, நாலு சுவருக்குள் எல்லோரும் அடைந்து கிடக்கிறார்கள் என்றால் கோபம் யார் மீது பாயும்? ஊரடங்கு நாட்களில் வீட்டுக்குள் அடி உதை அதிகமாகிவிட்டது என்று தேசிய மகளிர் ஆணையம் எச்சரித்தது. ஐ.நா. மகளிர் அமைப்பு இதை "நிழல் கொள்ளை நோய்" என்றே அழைத்தது.

தமிழ்நாட்டில் மதுக்கடைகள் 40 நாட்களுக்கு மேல் மூடி இருந்தன. 2020 மே 7-ந் தேதி சென்னை நீங்கலாகத் திறந்தார்கள். ஐகோர்ட்டு மூடச் சொன்னது. சுப்ரீம் கோர்ட்டு அந்த உத்தரவுக்குத் தடை விதித்தது. மே 16-ந் தேதி கடைகள் மறுபடியும் திறந்தன. பல பேருக்கு ஆலை இன்னும் திறக்கவில்லை. சம்பளம் வரவில்லை. அதற்குள் மதுக்கடை திறந்துவிட்டது. வீட்டில் மிஞ்சி இருந்த நூறு, இருநூறு எங்கே போயிருக்கும் என்று சொல்லத் தேவை இல்லை.

கடன் என்ன ஆயிற்று?

"ஆறு மாதம் தவணை கட்ட வேண்டாம்" என்று 2020-ல் ஓர் அறிவிப்பு வந்தது நினைவு இருக்கலாம். ரிசர்வ் வங்கி முதலில் மூன்று மாதமும், பிறகு ஆகஸ்டு 31 வரையும் இந்த அவகாசம் கொடுக்க வங்கிகளை அனுமதித்தது. "கடன் தள்ளுபடி" என்றே பலர் நினைத்தார்கள். அது தவறு. தவணைக்குத்தான் அவகாசம். வட்டி ஓடிக்கொண்டே இருந்தது.

ஒரு சிறு கணக்கு பார்ப்போம். ஒருவர் ஒரு லட்சம் ரூபாய் கடன் வாங்கி இருக்கிறார். வட்டி ஆண்டுக்கு 100-க்கு 12. மாதம் ரூ.1,000 வட்டி. ஆறு மாதம் கட்டாவிட்டால் ரூ.6,000. அந்த வட்டிக்கும் வட்டி போட்டால் இன்னும் ரூ.152. ஆக ரூ.6,152.

2021 மார்ச் மாதம் சுப்ரீம் கோர்ட்டு, "வட்டிக்கு வட்டி வாங்கக் கூடாது" என்று தீர்ப்புக் கூறியது. அந்த ரூ.152 தப்பியது. ரூ.6,000 கடன்காரர் தலையில்தான் இருந்தது. வருங்காலத்தில் எப்போது "அவகாசம்" என்ற வார்த்தை வந்தாலும், "வட்டி உண்டா?" என்ற கேள்வியை முதலில் கேளுங்கள்.

பிள்ளைகளின் ஒன்றரை ஆண்டு

பெரியவர்களின் வேலை சில மாதங்களில் திரும்பியது. பிள்ளைகளின் பள்ளிக்கூடம் அவ்வளவு சீக்கிரம் திரும்பவில்லை. தமிழ்நாட்டில் 1 முதல் 8-ம் வகுப்பு வரை உள்ள பிள்ளைகளுக்கு, 2021 நவம்பர் 1-ந் தேதிதான் பள்ளி திறந்தது. ஒன்றரை ஆண்டுக்கு மேல் வீட்டிலேயே இருந்தார்கள்.

டெலிபோனில் பாடம் என்றார்கள். வீட்டில் இருப்பது ஒரே போன். அதையும் அப்பா வேலை தேடப் பிடுங்கிக்கொண்டு போவார். அண்ணன், தங்கை இருவருக்கும் ஒரே நேரத்தில் வகுப்பு. யார் படிப்பது? பல வீடுகளில் அண்ணன் படித்தான். தங்கை பாத்திரம் தேய்த்தாள். இந்த இடைவெளியை நிரப்பத்தான் 2021 அக்டோபரில் "இல்லம் தேடிக் கல்வி" என்ற மாலை வகுப்புத் திட்டம் தொடங்கியது.

அடுத்த முறை?

இனி என்ன செய்யலாம்? சர்க்கார் செய்ய வேண்டியது ஒன்று. வீட்டில் நாம் செய்ய வேண்டியது ஒன்று.

சர்க்காருக்கு: பணத்தைச் சீக்கிரம் கொடுக்க வேண்டும், தொழிலாளிக்கும் ஆலைக்கும் உள்ள கயிறு அறுபடாமல் கொடுக்க வேண்டும். இதற்கு யார் எங்கே வேலை செய்கிறார் என்ற பட்டியல் தேவை. 2020-ல் தமிழ்நாட்டில், நல வாரியத்தில் பதிவு செய்திருந்த கட்டிடத் தொழிலாளிக்கும் ஆட்டோ டிரைவருக்கும் ரூ.1,000 கூடுதலாகக் கிடைத்தது. பதிவு செய்யாதவருக்கு இல்லை. 2021 ஆகஸ்டில் மத்திய சர்க்கார் "இ-சிரம்" என்ற பதிவைத் தொடங்கியது. 30 கோடிக்கு மேற்பட்ட அமைப்புசாராத் தொழிலாளிகள் அதில் சேர்ந்திருக்கிறார்கள். பட்டியல் தயார். ஆனால் வேலை நின்றால் இவ்வளவு பணம், இத்தனை நாளில் வரும் என்ற உறுதியும் அதோடு சேர வேண்டும். அது இல்லாவிட்டால் அது வெறும் பெயர்ப் பட்டியல்தான்.

வீட்டுக்கு:

நல வாரியத்தில் உங்கள் பெயர் இருக்கிறதா, ரேஷன் அட்டையில் எல்லோர் பெயரும் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். வெள்ளம் வந்தபின் ஓடம் தேடக் கூடாது.

வருமானம் நின்றால் அதை மனைவியிடம் மறைக்காதீர்கள். கையில் உள்ள தொகை எவ்வளவு, எத்தனை நாள் வரும் என்று இருவரும் உட்கார்ந்து கணக்குப் போடுங்கள். மறைத்த கடன் குட்டி போடும்.

வேலை இல்லாவிட்டாலும், எழுந்திருக்கும் நேரத்தை மாற்றாதீர்கள். குளித்து, சட்டை போட்டுக்கொண்டு, நாளுக்கு ஒரு காரியமாவது முடியுங்கள். மாரியந்தாலின் ஆண்கள் இழந்தது இந்த ஒழுங்கைத்தான்.

வீட்டில் இருக்கிற ஆண் வீட்டு வேலையில் பாதியை ஏற்கட்டும். தண்ணீர் பிடிப்பதும், துணி துவைப்பதும் கௌரவக் குறைவு அல்ல. வேலை திரும்பிய பிறகும் அதில் கொஞ்சமாவது தொடரட்டும்.

அடி, உதை என்றால் பெண்கள் பொறுத்துக்கொள்ள வேண்டியது இல்லை. 181 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம்.

கொரோனா ஊரடங்கை நாம் மறந்துகொண்டிருக்கிறோம். மறப்பது நல்லதுதான், துக்கம் குறையும். ஆனால் கணக்கை மறக்கக் கூடாது. அந்த நாட்களில் யாருக்குக் கூலி வந்தது, யாருக்கு வரவில்லை, யார் படித்தார்கள், யார் பாத்திரம் தேய்த்தார்கள் என்ற கணக்கு அது.

இன்று ஞாயிற்றுக்கிழமை. நாளைக்கு வேலைக்குப் போக ஓர் இடம் இருக்கிறது என்றால், இந்த ஓய்வு இனிக்கும். அந்த இனிப்பு, தறி ஓட்டுகிறவருக்கும், சித்தாள் வேலைக்குப் போகிற பெண்ணுக்கும், எந்தக் காலத்திலும் கிடைக்கும்படி செய்வதுதான் நாடு செய்ய வேண்டிய வேலை.